வழக்குக்கு முதல் நாள் பயோஸைத் தொட்டேன்

வடக்கில் போர் உச்சத்தில் இருந்த ஒரு வருடம். கண்டி நகருக்குள் போகும் ஒவ்வொரு பாதையிலும் மணல் மூட்டையும் துப்பாக்கியும் நின்ற காலம். நான் கலஹா வீதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையே காட்டிக்கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன்.

என் மடிக்கணினியில் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ், அலுவலகச் சிங்களம் தட்டச்சுவதற்கு. மறுபக்கம் லினக்ஸ், மேலிருந்து கீழ்வரை தமிழில். இரண்டையும் நானே நிறுவினேன் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். சுற்றிவளைப்பில் பிடிபட்டு விளக்கமறியல் சிறையில் இருந்தான். செய்த குற்றம், அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து அது வராமல் போனது. பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூட அதிபரின் கடிதத்தையும் சிங்களத்தில் கொடுத்தால் பிணை கேட்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். வழக்கு மறுநாள் காலை.

மத்தியானத்துக்குள் மொழிபெயர்த்து முடித்தேன். டவுனில் அச்செடுத்து, ஒப்பமிட்டு, முத்திரை குத்தினால் சரி. கணினியை மூடிவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் அதன் காற்றாடி சில நாட்களாக அம்மி அரைப்பதுபோல் சத்தம் போட்டது. கணினியில் முதலில் கண்விழிக்கும் அடிப்படை மென்பொருளை, பயோஸ் என்பார்களே, அதைப் புதுப்பித்தால் சத்தம் அடங்கும் என்று தயாரிப்பாளரின் தளத்தில் போட்டிருந்தது. எனக்குக் கை அரித்தது.

கவனமாகத்தான் செய்தேன். நடுவில் மின்சாரம் போனால் கணினி பிணம் என்று தெரியும். பற்றரியை முழுதாக ஏற்றி, வயரையும் செருகி, மாடல் இலக்கத்தை மூன்று தரம் சரிபார்த்தேன். வேலை வெற்றி என்று எழுத்து வந்தது. காற்றாடியும் அடங்கியது. விண்டோஸைத் திறந்தேன். விண்டோஸ் எழும்பாதபோது வரும் நீலத் திரை. மறுபடியும் திறந்தேன். மறுபடியும் நீலத் திரை. இருட்டும்வரை அதுவேதான்.

பயோஸைப் புதுப்பித்தால் அதன் அமைப்புகள் தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்பலாம்; விண்டோஸ் திறக்காமலும் போகலாம். முதலில் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் நாலாவது வரியில் இது இருந்தது. வரி விடாமல் வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் அந்த வரியை வாசிக்கவில்லை. கோப்புக்குப் பிரதியும் இல்லை. பென் டிரைவைக் கண்டால் காவலரணில் "இதற்குள் என்ன?" என்று குடைவார்கள் என்பதால் எங்களில் பலர் அதைப் பையில் வைப்பதில்லை. நான் ஒருபடி மேலே போய், வாங்குவதையே விட்டிருந்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

"கொம்பியூட்டர் கொஞ்சம் குழப்படி செய்யுது, அம்மா. டவுனில ஒரு கடையில காட்டினால் சரி."

"கோர்ட்டுக்கு முன்னாடி முடிஞ்சிருமில்ல, சார்?"

"ஓம், ஓம்."

பேராதனைக்குக் கிட்ட இராணுவக் காவலரணில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்து, கணினியைப் போடும்படி சைகை காட்டினான். போட்டேன். நீலத் திரை. அவன் இரண்டடி பின்னால் போனான். கணினி நல்ல கணினிதான் என்று நிரூபிக்க, புத்திசாலித்தனமாக, லினக்ஸைத் திறந்தேன். திரை முழுக்கத் தமிழ்.

"மே மொனவாத?" இது என்ன என்று கேட்டான். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம் என்று என் அழகான சிங்களத்தில் விளக்கினேன். ஒரு தமிழனின் பெட்டிக்குள் இரண்டு இருக்கிறது என்பது அந்த நாட்களில் விளக்கமல்ல, ஒப்புதல் வாக்குமூலம். மேலதிகாரி வந்து என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். பஸ் போய்விட்டது.

அந்த அம்மா போகவில்லை.

"நீங்கள் அடுத்த பஸ்ஸில போங்கோ."

"நீங்க இல்லாம நா போயி எதக் காட்டுறது, சார்?"

வெயிலில் இரண்டு மணித்தியாலம். காரணம் சொல்லாமல் பிடித்தவர்கள் காரணம் சொல்லாமலே விட்டார்கள். மன்னிப்பு வேண்டாம், உட்கார ஒரு கதிரை கூடவா இல்லை அந்த அம்மாவுக்கு?

டவுனில் கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணர்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு விசையைத் தட்டி, பயோஸுக்குள் ஒரே ஒரு வரியை மாற்றினார். விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்தது.

"செட்டிங் எழுதி வெக்கலயா, சேர்?"

"இல்லை."

"சரி, மத்தப் பக்கம் வேல செஞ்சிச்சிதானே? அதுக்குள்ளால போயி இந்தப் பக்கத்து ஃபைல எடுத்திருக்கலாமே. நேத்தே."

வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தேன் என்று ஊரெல்லாம் பறையடித்தவன், முன்கதவு இறுகியதும் வாசலில் நின்று அழுதிருக்கிறேன்.

அங்கேயே அச்செடுத்து, முத்திரை குத்தி, நீதிமன்றத்துக்கு ஓடினோம். வழக்கு எடுத்து முடிந்திருந்தது. சட்டத்தரணி கையை விரித்தார். இன்னும் பதினான்கு நாள் மறியல்.

அந்த அம்மா சூடு ஆறாத தாள்களை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "விடுங்க சார். இதக் குடுத்திருந்தாலும் இன்னொன்னு கேட்டிருப்பானுங்க. காலையிலருந்து நீங்க ஒன்னுமே சாப்பிடல. வாங்க, ஒரு டீத்தண்ணியாவது குடிப்போம்."

எனக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்தது. "என்னை ஏசுங்கோ அம்மா! ஒரு வார்த்தை பேசுங்கோ! பிழை என்னில!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயந்துபோனார்.

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றார். "நா ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

பதினான்கு நாள் கழித்து மகன் வெளியே வந்தான். அதே இரண்டு தாளைத்தான் சட்டத்தரணி நீட்டினார்; யாரும் இன்னொன்று கேட்கவில்லை. அந்தப் பதினான்கு நாளைக் காவலரண்காரர்களும் நானும் சேர்ந்துதான் அவனிடமிருந்து பிடுங்கினோம். அவர்கள்மேல் வந்த கோபத்தை வருடங்கள் கொஞ்சம் ஆற்றியிருக்கின்றன, என்மேல் வந்ததை நான் ஆறவிடவில்லை.