நான் அனுப்பிய ஒற்றன் செய்தி

1. இன்ஸ்பெக்டர் காட்டிய காகிதம்

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் மதுரை ஸ்டேஷனில் குடும்பம் குடும்பமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த குண்டு மதராஸில்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நாட்களில் ஒரு காலை சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் சென்னைத் தினசரி ஒன்றின் மதுரை நிருபர். வயது முப்பத்தொன்று.

"வாங்க நிருபரே, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்று மேஜைமேல் ஒரு காகிதத்தை விரித்தார். நான் எங்கும் பார்த்திராத எழுத்து. நடுநடுவே மூன்று, ஏழு, பன்னிரண்டு என்று எண்கள்.

"நேத்து மிலிட்டரி ஸ்பெஷல் ரயில் நின்னுச்சுல்ல, அப்ப கூட்ஸ் ஷெட்டுப் பக்கம் ஒருத்தன் இதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். நாகுசாமின்னு பேரு. மகால் பக்கத்துச் சந்துல சாயம் போடுறவன். நம்பருக எல்லாம் வேகன் கணக்கு. எழுத்து ஜப்பான் எழுத்து."

"ஜப்பான் எழுத்துன்னு யார் சொன்னது சார்?"

"வேற என்னவா இருக்கும்? தமிழா, தெலுங்கா, இங்கிலீஷா? எழுதிக்கிருங்க. சென்சார்ல நானே சொல்லிட்டேன், தடை இல்ல."

யுத்தச் சட்டத்தில் ரயில் தாமதத்தைப் பற்றி எழுதினால்கூட சென்சார் அடித்துவிடுவார்கள். தடை இல்லாத செய்தி என்பது எங்களுக்கு விருந்து மாதிரி. காகிதத்தின் முதல் இரண்டு வரியை என் நோட்டில் பார்த்து வரைந்துகொண்டேன். அன்றே தந்தி கொடுத்தேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது: "மதுரையில் ஜப்பான் ஒற்றன் கைது. சங்கேதக் கடிதம் சிக்கியது." ஆசிரியர் டிரங்க் காலில் கூப்பிட்டு, "பேஷ், இதைத் தொடர்ந்து எழுதும். ஆளுடைய குடும்பம், கூட்டாளிகள், எல்லாம் வேணும்" என்றார்.

2. சந்துக்குள்

அதற்காகத்தான் அந்தச் சந்துக்குப் போனேன். பரிதாபப்பட்டு அல்ல.

நாகுசாமியின் வீட்டு ஓட்டில் பாதி உடைந்து தெருவில் கிடந்தது. காலையில் யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். முற்றத்தில் சாயத்தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டிருந்ததால் தரை முழுக்கச் சிவப்பு. அவருடைய மனைவி கமலம்மாள் ஒரு துணியால் அதை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நான் போலீஸ் ஆள் என்று நினைத்து எழுந்து நின்றார். நானும் மறுக்கவில்லை.

"இந்த எழுத்தை உங்க வீட்டுக்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று நோட்டை நீட்டினேன்.

பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஐயா, இது எங்க எழுத்துங்கய்யா. நாங்க வீட்டுல பேசுற சௌராஷ்டிர பாஷை எழுத்து. எங்க ஆளுகள்லயே இதை வாசிக்கத் தெரிஞ்சவுக கொஞ்சப் பேருதான். எனக்கும் வாசிக்கத் தெரியாது. அவுகளும் அவுக அண்ணனும் சின்னப் பிள்ளையில வாத்தியாருகிட்டப் படிச்சாக."

அடுத்த தெருவில் இருந்தார் அந்த வாத்தியார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் நோட்டை வாசித்தார். "'தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம். ஜெர்மன் சாயம் இனி வராது. சாயவேர் பொடி மூணு பங்கு...' அம்புட்டுத்தான் இருக்கு. மிச்சம் எங்க?"

"மிச்சம் போலீஸ்ல இருக்கு. ஏழு, பன்னிரண்டுன்னு நம்பர் இருந்துச்சு."

"அப்ப பன்னிரண்டுங்கிறது நூலை முக்குற தடவையா இருக்கும்" என்றார்.

நான் திரும்பிப் போனதும் கமலம்மாள் வீட்டில் தேடி, சேலத்திலிருந்து அண்ணன் எழுதிய பழைய கடிதங்கள் நான்கை எடுத்துக் கொடுத்தார். அவற்றைத் திரும்ப வாங்குவதற்காக என் வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டார். எல்லாம் அதே எழுத்து, அதே கை. ஒன்றில் பழைய கூட்ஸ் ரசீது ஒட்டியிருந்தது. அண்ணன் அனுப்பும் சாயவேர் மூட்டை எப்போதும் கூட்ஸில்தான் வரும். நாகுசாமி அதற்காகத்தான் ஸ்டேஷனில் காத்திருந்திருக்கிறார்.

3. மூன்று கதவுகள்

நான்கு கடிதங்களோடும் வாத்தியாரின் மொழிபெயர்ப்போடும் இன்ஸ்பெக்டரிடம் போனேன். பொறுமையாகத்தான் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியாத்தான் இருக்கும் போல. ஆனா ரிப்போர்ட் மேல போயிருச்சு. பேப்பர்லயும் வந்திருச்சு. இப்பப் போய்ச் சாயக் கணக்குன்னா என்னைய என்ன நினைப்பாக?"

"அந்த ஆளு உள்ள இருக்காரே சார்."

"பாதுகாப்புக் கைதி. வேற ஜெயிலுக்கு அனுப்பியாச்சு. எந்த ஜெயில்னு கேக்காதீக."

கட்டுரையை எழுதி சென்சாரிடம் கொடுத்தேன். நீலப் பென்சிலால் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு. காரணம் கேட்டேன். "கைதியைப் பத்தி எதுவும் போடக்கூடாது" என்றார் அந்த அதிகாரி. "கைது பண்ணினதைப் போட்டோமே?" என்றேன். அவர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஆசிரியரை டிரங்க் காலில் பிடித்தேன். "சென்சார் அடிச்சதைப் போட்டா அச்சுக்கூடத்துக்குச் சீல் வைப்பான். ஐம்பது குடும்பம் தெருவுக்கு வரும். ஒருத்தனுக்காகவா?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. கணக்குச் சரிதான். நான் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை.

4. அஞ்சலட்டை

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து கமலம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு அஞ்சலட்டை. அதற்குள் அவருடைய மகளுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம் முறிந்திருந்தது. சந்தில் யாரும் ஒற்றன் வீட்டுக்குச் சாயம் போட நூல் கொடுக்காததால், தாயும் மகளும் சிம்மக்கல்லில் ஒரு கடைக்குப் பருப்புப் புடைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இங்கிலீசுல இருக்குங்கய்யா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். விட்டுட்டாகளான்னு பாருங்க."

டைப் அடித்த நான்கு வரி. கைதி நாகுசாமி சீதபேதியால் சிறை ஆஸ்பத்திரியில் இறந்தார், உடல் விதிப்படி தகனம் செய்யப்பட்டது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

நான் வாசித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. அட்டையை வாங்கி, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, அன்னைக்குப் பேப்பர்ல போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஊர்ல கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாக."

"தெரியாதும்மா" என்றேன்.

"சரிங்கய்யா, போயிட்டு வாரேன்" என்று போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து சென்சார் போனதும் கட்டுரையை மறுபடி அனுப்பினேன். "பழைய விஷயம், இடமில்லை" என்று திரும்பி வந்தது. சந்துக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லி அதிகாரி ஒரு செய்தியைத் தானே எடுத்து நீட்டினால், அந்தச் செய்தியில் இருக்கிற ஆளின் வீட்டுக்கு முதலில் போங்கள். அன்று காலை இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து நாகுசாமியின் சந்துக்கு நடந்தால் கால்மணி நேரம். தந்தி ஆபீசுக்கும் கால்மணி நேரம்தான். நான் தந்தி ஆபீசுக்குப் போனேன்.