தங்கை ஊர் பார்க்கப் போனாள்

பெண் பார்க்க வருவார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஊர் பார்க்கப் போனோம். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம்.

என் தங்கைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. அவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஏரலிலிருந்து போய் அங்கே சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை போட்டவர்கள். திருநெல்வேலியில் எங்கள் தச்சநல்லூருக்கு வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்துவிட்டது என்று பஸ் ஏறுவதற்கு முன்பே ஆள் மூலம் சொல்லியும் விட்டார்கள். தங்கைக்கும் மாப்பிள்ளை மேல் குறையில்லை. பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

இழுத்தடித்தது அம்மா. தங்கைக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. இடது தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். அப்படி நடந்தே படித்து, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் இருந்தாள்.

"அது மேடும் பள்ளமுமா கெடக்க ஊருல்லா. அங்கன போயி எப்பிடிளா நடப்ப?" என்று அம்மா தினமும் கேட்டாள்.

"மாப்பிள்ளையப் பாத்தாச்சி. ஊரையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள் தங்கை ஒருநாள்.

கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண் அந்த ஊருக்குப் போவதாவது? அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பத்மநாப சாமியைச் சாக்காக வைத்து, கோயிலுக்குப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, துணைக்கு என்னை அனுப்பினாள். எனக்கு உள்ளூர வேறு கணக்கு. அந்த ஏற்றங்களைப் பார்த்ததும் இவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், நம் கண்முன்னாலேயே இருப்பாள் என்று நினைத்தேன். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் இல்லாத ஒரு சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊர் அப்படியொரு சமதளம். தெருவில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று அது கொஞ்ச நேரம் யோசிக்கும். எங்களுக்குத் தெரிந்த பெரிய ஏற்றமெல்லாம் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம்தான். அதில் சைக்கிளை மிதித்து ஏறுகிறவனைப் பலசாலி என்போம்.

முதல் பஸ்ஸில் போய்த் திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோட்டைக்கு நடந்தோம். மதில் வாசலுக்குள் நுழைந்ததும் தெப்பக்குளமும், அதற்கப்பால் கோபுரமும் தெரிந்தன. எங்கள் ஊர்க் கோபுரம் போல உயர்ந்து நிற்காமல், அகலமாகக் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது அது. கோயிலுக்குள் போகவே படியேற வேண்டியிருந்தது. நான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன். பக்கச் சுவரைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து ஏறி முடித்தாள். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். முகத்தை ஒரு வாசலில், தொப்புளை ஒரு வாசலில், பாதத்தை ஒரு வாசலில். பாதத்துக்கு நேரே அவள் ரொம்ப நேரம் நின்றாள்.

வெளியே வந்தால், குளத்துக்கு எதிரே ஒரு பழைய கடிகாரம். மேலே தாடிக்காரன் முகம், இரண்டு பக்கமும் இரண்டு ஆடு. மணி அடிக்கும்போது அவன் வாயைத் திறக்க, ஆடுகள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டின. நான் சொக்கிப்போய் நின்றேன்.

"வாய மூடுண்ணே. ஆடு இங்கன பாஞ்சிரப் போவுது" என்றாள்.

அங்கிருந்து பெரிய சாலை தலைமைச் செயலகத்தை நோக்கி ஏறுகிறது. ஆட்டோவைக் கை காட்டினேன். "ஆட்டோல போனா ஊரு எப்பிடித் தெரியும்?" என்று அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் நடந்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், கொஞ்ச தூரத்தில் நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். அப்படி ஒரு ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு வீட்டின் ஓட்டுக்கூரையும் அடுத்த வீட்டின் வாசற்படியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. செம்மண் கல் மதில்களுக்கு மேலே பலாமரம் காயோடு எட்டிப் பார்க்கிறது. ஒரு வளைவு திரும்பினால், இவ்வளவு நேரம் நடந்து வந்த ஊர் முழுவதும் தென்னந்தலைகளுக்கு நடுவே காலடியில் கிடக்கிறது. ராஜா காலத்துக் கட்டடங்கள் வெள்ளை வெளேரென்று, நேற்றுதான் சுண்ணாம்பு அடித்ததுபோல. பாளையம் என்ற இடத்தில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் கூப்பிடு தூரத்தில், ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கேட்கும்படி நின்றன. எங்கள் ஊரில் அடுத்த தெருவுக்குப் போனால்தான் அடுத்த தெரு தெரியும். இந்த ஊர் தன்னை மொத்தமாகக் காட்டுகிறது, ஏறி வருகிறவனுக்கு மட்டும்.

அதற்கப்புறம் நான் ஒரு வேலை பார்த்தேன். திருநெல்வேலிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய வேலை. கோயிலைச் சுற்றி நாலு ரதவீதி இருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வழி தவறும் என்ற பயமே கிடையாது. வலதுகைப் பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு ரோட்டுக்கு வந்திருவோம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினேன். அந்தத் தெரு வளைந்து இறங்கியது. மறுபடி வலம். படிக்கட்டாக இறங்கியது. மறுபடி வலம். அது யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றடியில் போய் முடிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் மலையாளத்தில் என்னவோ சொல்லி, கையை மேலே காட்டி, பிறகு கீழே காட்டி, பிறகு சிரித்துவிட்டாள். தங்கையும் சிரித்தாள். இறங்கியதையெல்லாம் ஏறி, ஏறியதையெல்லாம் இறங்கிப் பெரிய சாலைக்கு வந்து சேரும்போது மதியமாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுச் சந்து அந்தச் சாலையிலிருந்துதான் சரிந்து இறங்கியது. காலையில், ஆண்கள் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, தெருமுனையில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு நழுவிவிடுவது என்பதுதான் எங்கள் திட்டம். இப்போதோ மாப்பிள்ளையின் அப்பாவே சாப்பாட்டுக்கு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"தச்சநல்லூர்த் தம்பில்லா? தங்கச்சியுமா! வெயில்ல நின்னுக்கிட்டு என்ன செய்யுதிய? வாங்க, வாங்க" என்று அவர் முன்னால் இறங்கிவிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை.

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா, எங்களைப் பார்த்த மறு நிமிஷமே இலை போட்டுவிட்டாள். எனக்குத் திக்கென்றது. சம்பந்தம் பேசும் வீட்டில், சரி என்று முடிவாகும்வரை கை நனைக்கக்கூடாது. அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால், பெண்ணைக் கொடுத்தோம் என்று வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. அவர்களுக்கும் தெரியும். கேட்காமலே கேட்கிறார்கள்.

"இப்பதான் சாப்பிட்டோம், வயிறு ரொம்பிட்டு" என்றேன். தேங்காயெண்ணெயில் பொரிந்த அப்பள வாசனைக்கு என் வயிறு சத்தமாகவே பதில் சொன்னது.

மாப்பிள்ளையின் அம்மா எங்களை வற்புறுத்தவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது.

தங்கை எழுந்தாள். "அத்தே, கை எங்க கழுவணும்?" என்று கேட்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தால, பின்வாசல்ல தொட்டி இருக்கும்மா" என்றாள். பிறகு நான் என்ன செய்ய? நானும் கை கழுவினேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்பது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

விடைபெற்றுச் சந்தில் ஏறத் தொடங்கியதும் வெடித்தேன். "ஏளா, அம்மாட்ட நான் என்னத்தச் சொல்ல? இந்த ஏத்தத்துல தினமும் ஏறி எறங்கப்போறது நீ. ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா?"

அவள் நிற்காமலே பேசினாள். "காலைல இருந்து இம்புட்டு நடந்தோம்லா. யாராவது என்னயத் திரும்பிப் பாத்தாவளா?"

நான் யோசித்தேன். பலாமரத்தையும் ஆட்டுக் கடிகாரத்தையும் பார்த்தவன், அதைக் கவனிக்கவே இல்லை.

"கூடையத் தூக்கிட்டுப் போற பொம்பள, ஆபீசுக்குப் போற ஆளு, இப்ப நமக்கு முன்னால எறங்குன மாமா, எல்லாரும் முட்டுல கைய ஊனித்தான் நடக்காவ. பாதில நின்னு மூச்சு வாங்குதாவ. நம்ம ஊரு சமமாக் கெடக்கு. அதான் அங்கன நான் நடக்கது மட்டும் எல்லாருக்கும் தெரியுது."

நான் நின்றுவிட்டேன். அப்போதே எனக்குத் தொந்தி விழுந்திருந்தது, அதோடு ஒரு இலைச் சாப்பாடு வேறு. குனிந்து இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அவள் தொடையில் கையை ஊன்றி ஏறிக்கொண்டே இருந்தாள். சந்தின் மேலே போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பைய வாண்ணே, நான் நிக்கேன்" என்றாள்.

அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன முதல் நாளிலிருந்து, அந்த வார்த்தையை நான்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.