குணமண்ணையும் பெற்றோலில் வந்த தண்ணீரும்

வட்டக்கச்சியில் நான் மருத்துவமாதாக இருக்கும் கிளினிக் நடந்துகொண்டிருந்தது. குழந்தையை நிறுக்கக் கொண்டுவந்த தாய் ஒருவர், "மிஸ், கராஜ் குணமண்ணை விடிய மோசம் போயிட்டாராம்" என்றார். குழந்தையின் நிறையைப் பிழையாக எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன். கடவுளே, உயிரோடு இருக்கையில் அவரிடம் நான் சொல்லவேண்டிய ஒன்று பாக்கி இருந்தது.

குணமண்ணை எப்படிப்பட்ட சந்தேகக்காரர் என்பது அவரிடம் வாகனம் திருத்திய உங்களுக்குத் தெரியும். பெற்றோல் விலை கூடினால் ஏசுவார், குறைந்தால் இன்னும் ஏசுவார். "குறைச்சவங்களோ? சும்மா குறைப்பாங்களோ? உள்ளுக்க என்னத்தையோ கலந்திட்டாங்கள்!" ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் நூல் கட்டி, மேலே பெற்றோலை ஊற்றிக் குலுக்கி வைப்பார். எதனோல் கலந்த பெற்றோல் வந்த பிறகு ஒருநாள் தண்ணீர் நூலைத் தாண்டி உயர்ந்து நின்றது. "பாத்தியளே, ஸ்பிரிட் தண்ணியோட சேந்திட்டுது" என்று தெருவில் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மனுசனுக்கு அன்று சந்தோசத்தில் ஒரே புளுகம்.

என் ஸ்கூட்டி பூநகரி வீதியில் நின்றது அதற்குப் பிறகுதான். பிள்ளை பெற்று நாலு நாளான ஒரு தாய்க்கு இரத்தம் போகிறது என்று தகவல் வந்து போய்க்கொண்டிருந்தேன். எத்தனை தரம் உதைத்தும் ஸ்டார்ட் வரவில்லை. நான் போய்ச் சேர முன்னர் வீட்டுக்காரரே அவரை உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் தப்பினார். ஏன் பிந்தினீர்கள் என்று மேலிடத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

குணமண்ணை ஸ்கூட்டியைக் கழற்றினார். டாங்கியின் அடியில் தண்ணீர். "தங்கச்சி, இந்த எண்ணெயைக் கனநாள் வச்சிருக்கேலாது. காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சு, தண்ணி பிரிஞ்சு அடியில நிக்கும். பிளாஸ்டிக் கானில வச்சு ஊத்தினனீங்களோ?"

"இல்லையண்ணை" என்றேன்.

பொய். யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய சனம் நாங்கள். கண்ணில் பெற்றோல் பட்டால் பதுக்கத்தான் கை போகும். பெற்றோல் செட்டில் கானுக்கு அடிக்கமாட்டார்கள் என்பதால் ஸ்கூட்டியில் நிரப்பி, வீட்டுக்கு வந்து குழாய் போட்டு இறக்குவேன். விலை கூடப்போகிறது என்ற கதை வந்தபோது அப்படி இறக்கிய ஒரு கான், மாரி முழுக்க, மூடி சரியாக இறுகாமல் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத்தான் ஊற்றியிருந்தேன். ஒப்புக்கொண்டால் அந்தத் தாய்க்கு நான் பிந்தியது என் பிழை என்றாகிவிடும். பயந்துபோனேன்.

"அப்ப செட்டிலதான் தண்ணி" என்று போத்தலையும் தூக்கிக்கொண்டு போனார் அவர். வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் முதலாளியோடு சண்டை. முதலாளி நிலத்தாங்கியைத் திறந்து, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைக் கோலில் பூசி அடிவரை விட்டு எடுத்துக் காட்டினார். நிறம் மாறவேயில்லை. "கலந்த பெற்றோல்தான் வருகுது, அது எல்லாருக்கும் தெரியும். தண்ணியை நாங்களோ ஊத்தினனாங்கள்?" என்றார். சனம் சிரித்தது. அதற்குப் பிறகு, குணமண்ணைக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம், தொழில் மறந்துபோச்சு என்றார்கள். உருத்திரபுரத்திலிருந்து வந்த வாடிக்கைகூட வேறு கராஜுக்குப் போய்விட்டது. நானும் பேசாமல்தான் இருந்தேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "செட்டில எல்லாரும் மிஸ்தான் கானில வச்சிருப்பா எண்டு சொன்னவையாம். இவர் அவையை அடிக்கப் போயிட்டாராம். என்னைப் பற்றி என்னவும் சொல்லுங்கோ, அந்தப் பிள்ளை பொய் சொல்லாது எண்டு கத்தினவராம்."

அன்று சிரித்தவர்களுக்கும், பிறகு அவரை விட்டுப்போனவர்களுக்கும் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் என் வீட்டுக் கானிலிருந்து வந்தது. குணமண்ணை என்னிடம் கேட்ட கேள்வி சரி, நான் சொன்ன பதில்தான் பொய். ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர் நம்பிய ஒரே ஆள் நான். அந்த நம்பிக்கைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.