பீலித் தண்ணீரில் வைத்த போத்தல்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன லெப்பில் வேலை செய்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று மனிதர்கள் கொண்டுவந்து கொடுக்கிற எல்லாவற்றையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது என் தொழில். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவளுக்கு இது பெரிய உத்தியோகம்தான். என் அக்கா மட்டும் மசியமாட்டாள். "பீ பாக்குறதுக்கா இம்புட்டுப் படிச்ச, துரைசாணி?" என்று லயமே கேட்கிற மாதிரிக் கேட்பாள். பெருமை அவளுக்கு அப்படித்தான் வெளியே வரும்.

அக்கா அங்கேயே கொழுந்து பறித்தாள். போன மழைக்காலத்தில் அவளுக்குச் சீதபேதி. நாலு நாளாக இரத்தமும் சளியுமாகப் போகிறது என்று ஐந்தாம் நாள்தான் போனில் சொன்னாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே கிளம்பி வா என்று கத்தினேன்.

"கொழுந்து காலம்டி. விடிய பெரட்டுக்கு நிக்கலைன்னா பேரு போடமாட்டாங்க. அரைப்பேர் செஞ்சிட்டு மத்தியானம் வாறேன்."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிற்கவைத்து வேலை பிரிக்கிற இடம். அங்கே நிற்காதவளுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. எனக்கும் இதெல்லாம் தெரியும். "சரி, காலையில எடுத்து ஒரு போத்தல்ல போட்டுக் கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எடுத்த அரைமணி நேரத்துக்குள் என் கைக்கு வரவேண்டும், உடம்புச் சூடு ஆறக்கூடாது என்று சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஓதுகிற பாடம்தான் அது. சொந்த அக்காவிடம் கோபத்தில் விட்டுப்போயிற்று.

குடலைத் தின்கிற அமீபா ஒரே ஒரு கலம். வாய் கிடையாது, கால் கிடையாது. உடம்பில் ஓரிடத்தைப் பிதுக்கிக் காலாக்கிக்கொண்டு நகரும், நம் இரத்தத்தின் செங்குழியங்களை விழுங்கி வயிறு இல்லாமலே செரிக்கும். உயிரோடு நகர்கையில் பார்த்தால் சந்தேகமே வராது. வெளியே வந்து குளிர்ந்துவிட்டால் உருண்டுபோய் அசையாமல் கிடக்கும், பிறகு சிதைந்துவிடும். அதற்குப் பிறகு அதையும் ஒரு சீழ்க்கலத்தையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அக்கா மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். விரல் வெடிப்பெல்லாம் கொழுந்துக் கறை. போத்தலை இரண்டு பையில் சுற்றியிருந்தாள். "பாரு, நல்லாப் பாரு" என்று நீட்டிவிட்டு வாங்குப் பலகையில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

பார்த்தேன். சீழ்க்கலங்கள், செங்குழியங்கள். அமீபா இல்லை. அவற்றுக்கு நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே ஓடியது. செருப்பு வடிவம், உடம்பைச் சுற்றி மயிர், திருகிக்கொண்டே நீந்துகிறது. பரமேசியம்! பள்ளிக்கூடத்தில் பென்சிலால் எத்தனை தடவை வரைந்திருப்பேன். சிலைட்டை நகர்த்தினால், காம்பில் நிற்கிற குட்டி மணி ஒன்று வெடுக்கென்று சுருங்கியது, மெதுவாக மறுபடி நிமிர்ந்தது. பச்சையாக ஒரு யூக்ளினா. கண்ணாடிப் பெட்டி மாதிரி இரண்டு டயட்டம். எல்லாம் ஒற்றைக் கலம்தான், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. என் வேலையில் கண்ணுக்கு அழகாக எதுவும் அகப்படுவதில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்க, பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவை மனித வயிற்றில் வாழ்கிறவை அல்ல. பாசி பிடித்த தண்ணீரில் வாழ்கிறவை. போத்தலுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாதிரி கெட்டுவிட்டது, கொட்டிவிட்டு வேறு கேட்க வேண்டும். இது முதல் வருடத்தில் படிக்கிற விஷயம். கழுவின போத்தலில் ஈரம் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மறுபடி கொண்டுவரச் சொன்னால் இன்னொரு பேர் போகும், நடு லெப்பில் என்னைக் கிழிப்பாள் என்றும் நினைத்தேன். "அமீபா காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளை அவள் நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். லயத்தில் எல்லோரிடமும், "என் தங்கச்சியே பாத்துட்டா, ஒண்ணுமில்லையாம்" என்று காட்டியிருக்கிறாள். சீதபேதியும் தானாகவே அடங்கிவிட்டது. அடங்கவில்லை, இடம் மாறியது. அமீபா குடலிலிருந்து இரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போய்விட்டது.

சில வாரம் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலி, தோளுக்கு ஏறுகிற வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். கூடை சுமக்கிற வலி என்று தைலம் தேய்த்திருக்கிறாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோதும் என் தாளைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் லயத்துக்குப் போனபோது, அவளால் வலது பக்கம் சாய்ந்துகூடப் படுக்க முடியவில்லை. திரீவீலரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஸ்கேனில் ஈரல் நிறையச் சீழ். முன்பு மலம் பரிசோதித்ததா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பர்ஸிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "இவதான் பாத்தா, என் தங்கச்சி." டாக்டர் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வார்டில் அவளுக்குக் கொஞ்சம் கஞ்சி ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள்.

"நா பத்திரமாத்தானேடி கொண்டாந்தேன். கெட்டுப்போகக் கூடாதுன்னு, மத்தியானம் வரைக்கும் பீலித் தண்ணியில முக்கி வச்சிருந்தேன்."

எங்கள் லயத்தில் ஐஸ்பெட்டி இல்லை. மலையிலிருந்து பீலி என்கிற குழாய் வழியாக ஓயாமல் விழுகிற ஐஸ் மாதிரித் தண்ணீரில்தான் பால் போத்தலைக் கட்டித் தொங்கவிடுவோம், மிஞ்சின கறியை வைப்போம். நானும் அப்படி வைத்து வளர்ந்தவள்தான். பாலைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவி.

"அன்னைக்கி நீ பாத்தப்ப ஒண்ணுமே தெரியலியா?"

"தெரியலக்கா."

அவள் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். "விடு. கண்ணுக்குத் தெரியாத சனியன். அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

மறுநாள் காலையில் சீழ்க்கட்டி நெஞ்சுக்குள் உடைந்தது. பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பின அன்று, பீலிக்கடியில் பாசி படிந்த இடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் போனேன். கதவைச் சாத்திவிட்டு ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். செருப்பு திருகிக்கொண்டு ஓடியது. மணி சுருங்கி நிமிர்ந்தது. யூக்ளினா, டயட்டம், ஒன்றும் குறையவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்று அக்காவிடம் சொன்னேனே, அத்தனையும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.