மெழுகில் இருந்த துண்டு

தம்பியின் கழுத்தில் அது வந்தபோது நாங்கள் யாரும் பயப்படவில்லை. வெல்டிங் வேலை செய்கிறவன், எண்ணூரில் பைப் லைனுக்கு அடியில் கழுத்தைச் சாய்த்தபடியே பொழுதெல்லாம் படுத்துக் கிடப்பவன், நெறி கட்டியிருக்கும் என்று என் சம்சாரம் மிளகை அரைத்துப் பற்றுப் போட்டாள். அது இறங்கவில்லை. ராயபுரத்தில் எங்கள் கயிற்றுக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் கட்டியை முழுசாக வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்று வந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இது கழுத்தில் பிறந்தது இல்லை, வேறு எங்கோ பிறந்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. ஆனால் அங்கேதான் ஆரம்பம் என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. நுரையீரல், வயிறு, குடல் என்று குழாய் விட்டுப் பார்த்தார்கள். எங்கும் அகப்படவில்லை.

டாக்டர்களுக்குத் தெரியாதது எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பீடி என்றார் தம்பியின் மாமனார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்றார் கடைக்குக் கயிறு வாங்க வரும் போட்டுக்காரர். வெல்டிங் புகை, ஓட்டல் பிரியாணி, கண்ணேறு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்களே மருந்தும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவரை விரட்டியேவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது, பழைய லேபிலிருந்து கண்ணாடி ஸ்லைடை வாங்கி வரச் சொன்னார்கள். லேபில் ஸ்லைடோடு கூடச் சின்ன மெழுகுக் கட்டி ஒன்றையும் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இது என்ன என்று கேட்டேன். "உங்க தம்பி கழுத்துல எடுத்த சதைதான் பாய், கெடாம இருக்க மெழுகுல வெச்சிருக்கோம்" என்றார் லேப்காரர். பெரிய ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவர் ஸ்லைடை எடுத்துக்கொண்டு, இது இப்போது தேவையில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மெழுகை என் பக்கம் தள்ளினார். எதற்கு வைத்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்களில் உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணுக்குப் போக வேண்டும். எங்களைப் பெற்ற அத்தாவுக்குச் சர்க்கரையில் கால் விரலை எடுத்தபோது, நானும் தம்பியும்தான் அந்த விரலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கபர்ஸ்தானுக்கு எடுத்துப் போனோம். என் தம்பியின் சதை மட்டும் பீரோவில் கிடக்கலாமா?

அன்று மத்தியானம் சமையலறையில் ஒரு டம்ளரில் வெந்நீர் எடுத்து அந்த மெழுகைப் போட்டேன். மெழுகோடு புதைக்க மனசு வரவில்லை, சதை மண்ணைத் தொட வேண்டும் என்று பட்டது. மெழுகு இளகி மேலே மிதந்தது. அடியில் புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு வெளுத்த ஒரு துண்டு தங்கியது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு பிஸ்மி சொல்லித் துணியில் முடிந்து, கபர்ஸ்தானில் அத்தாவின் கபருக்குத் தலைமாட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்த நிம்மதியோடு சாப்பிட்டேன்.

எங்கே பிறந்தது என்று தெரியாததால் பொதுவான கீமோ கொடுத்தார்கள். முடி போனது, பசி போனது, வெல்டிங் சிலிண்டரை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் பெருகியிருந்தன.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா ஒரு டெஸ்டைப் பற்றிச் சொன்னார். என்னைவிட வயதில் சிறியவர், பொறுமைசாலி. கேன்சர் செல் எங்கே குடி போனாலும் பிறந்த இடத்தின் அடையாளம் அதன் மரபணுவில் இருக்கும், அதைப் படித்தால் பெரும்பாலும் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். ஒருத்தன் வாயைத் திறந்ததும் நம்ம காசிமேட்டு ஆள் என்று தெரிந்துவிடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஊர் தெரிந்தால் அதற்கு ஏற்ற மருந்து. சில சமயம் மாத்திரையே போதும்.

"பழைய லேப்ல ஒரு மெழுகு பிளாக் குடுத்திருப்பாங்களே, அதைக் கொண்டு வந்துடுங்க. அது இருந்தா இவருக்கு ஊசிகூடக் குத்த வேணாம், நாளைக்கே அனுப்பிடலாம்" என்றார்.

தேடிப் பார்க்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனேன்.

கபர் தோண்டுகிறவர் எனக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ரெண்டு மாசமாச்சி பாய். நடுவுல அம்மாம் மழ பேஞ்சிகீது. அது இன்னும் அங்கியே இருக்குமா?"

தோண்டினோம். துணி கிடைத்தது, கறுத்துப்போய், முடிச்சு அவிழாமல். உள்ளே சேறுதான் இருந்தது. அதைக் கைக்குட்டையில் கொட்டி விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தேன். குழிக்குள் கையை விட்டு மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்தேன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கடைசியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "வுடு பாய், மண்ணு துன்னுட்ச்சி" என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "நீங்க வேணும்னு செய்யலையே" என்றார். கழுத்துக் கட்டியை ஏற்கெனவே முழுசாக எடுத்தாகிவிட்டது, இனிக் கல்லீரலில்தான் ஊசி குத்த வேண்டும். கீமோவில் ரத்த அணுக்கள் குறைந்திருந்ததால் அதற்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ரத்தத்தை வைத்தே ஒரு பரிசோதனை செய்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. முதல் ஊசியில் செத்த சதைதான் வந்தது. இரண்டாவது ஊசியில் வந்ததை வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் நாள் போனது. அவனிடம் அவ்வளவு நாள் இல்லை.

இரண்டாவது ஊசிக்கு முன்னால் வார்டில் வைத்து அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தான்.

"அப்ப என்னைக் கொஞ்சூண்டு முன்னாடியே பொதச்சிட்டே. மீதிய எப்பண்ணே?"

அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் போர்வையைச் சரி செய்தேன். அவனே மறுபடி பேசினான். "எனுக்கு எங்க ஆரம்பிச்சிதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்ணே. ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. அதுங்களுக்கும் வந்துருமோன்னுதான் பேஜாரா கீது." என் மீது ஒரு வார்த்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டான். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம்.

எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பித்தநாளத்தில் பிறந்தது என்று ரிப்போர்ட் சொன்னது. அந்த செல்லில் ஒரு மரபணு மாறியிருந்தது. அந்த மாற்றத்துக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறதாம். இது பிள்ளைகளுக்கு வழிவழியாகப் போகிற வகையாகத் தெரியவில்லை என்றும் டாக்டரம்மா சொன்னார். அவன் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, கேட்க அவன் இல்லை.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "குணமாகியிருக்காது. ஆனா சில மாசம் கூடுதலா கிடைச்சிருக்க வாய்ப்பு உண்டு."

சில மாதம் என்றால் அவன் பெண்களில் பெரியவளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருக்கும். சின்னவளுக்கு இன்னொரு பெருநாள் அத்தாவோடு கிடைத்திருக்கும். பஸ்ஸில் வரும்போது இதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

தம்பியின் சம்சாரம் இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அவள் வெளியே வரக் கூடாது, என் முன்னாலும் வர மாட்டாள். அறை வாசலில் தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"எங்க ஆரம்பிச்சிதாம் பெரிய மச்சான்?" என்றாள் உள்ளிருந்து.

சொன்னேன். பிள்ளைகளுக்குப் பயமில்லை என்பதையும் சொன்னேன். அவள் விசும்புவது கேட்டது. பிறகு, "அதுக்கு மருந்து இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அல்லா நாடுனது அவ்ளோதான். நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க. கூடப் பொறந்தவங்க வேற யாரு இவ்ளோ பாப்பாங்க" என்றாள்.

திரையை விலக்கிக்கொண்டு பெரியவள் வெளியே வந்தாள். "ரிப்போர்ட்டைக் குடுங்க பெரியத்தா, இங்கிலீஷ்லதானே இருக்கும், நான் படிச்சி அம்மாவுக்குச் சொல்றேன்" என்று கையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். நாலாக மடித்த காகிதம் என் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.