வெளியே நின்ற சொந்தக்காரர்

நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தே பழகியவள். திருச்சி ஜங்ஷனில் ரயில் முன்பதிவு செய்யும் இடத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வேன், யார் முகத்தையும் பார்க்க நேரமிருக்காது. 'ஒருத்தர்தாங்க' என்று சொல்கிற பெண்களை மட்டும் நிமிர்ந்து பார்ப்பேன். பொறாமைதான், வேறென்ன.

எனக்கு வாய்த்த பயணமெல்லாம் கூட்டத்தோடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போவதென்றாலும் புளிசாதத் தூக்கும் பாயும் நானும்தான் முதலில் வண்டியில் ஏறுவோம். காவிரியைக் கொஞ்சம் பார்க்கலாமென்று நிமிர்வதற்குள் 'தண்ணி பாட்டில் எங்க?' என்று ஒரு குரல் வரும். கேட்கிறவர் முட்டிக்குப் பக்கத்திலேயே பாட்டில் இருக்கும். கண்ணைத் திறந்து பார்க்க மாட்டார்களா? மாட்டார்கள். நான்தான் எழுந்துபோய் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு எனக்குத் தனியாகப் பயணம் போகிற ஆசை முற்றிவிட்டது. மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம், நம்ம ஊரிலிருந்தே விமானம் போகிறது என்று தெரிந்ததும் முடிவு செய்துவிட்டேன். என் ஆசை ஒன்றும் பெரிதில்லை. தெரியாத ஊரில், தெரியாத ஒரு ரயில் நிலையத்தில், கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்று, எனக்கே எனக்கு ஒரு டிக்கெட் வாங்க வேண்டும். ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, கால் போன பக்கம் நடந்து, பசித்தால் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 'எங்க இருக்கே?' என்று யாரும் கேட்கக் கூடாது.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து, சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். காட்டூர் வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "போயிட்டு வாயேன்" என்றார். அடேங்கப்பா, என் மனுஷனா இது என்று எனக்கே மனசு நெகிழ்ந்துவிட்டது. ஹோட்டல் அறையையும் தன் கம்ப்யூட்டரிலேயே பதிவுசெய்து, அச்செடுத்துக் கையில் கொடுத்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து நாத்தனார் வந்து, அப்பளமும் வத்தலும் கட்டிய ஒரு பெரிய பையை என் பெட்டிக்குள் திணித்தார். ஹோட்டலில் தங்குகிறவளுக்கு எதற்கு அண்ணி வத்தல் என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விமானத்தில் நடு இருக்கை. இரண்டு பக்கமும் தூங்கிவிட்டார்கள். நாலு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று விமானப் பணிப்பெண் என்னைக் கேட்டாள், நான் காசு கொடுத்து வாங்கிக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கோலாலம்பூரில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் விரலை வைத்துவிட்டுச் சட்டென்று போனார்கள். என் விரல் வியர்வையில் பதியவே இல்லை, சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தேன். முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண்தான் கவுண்டரில். எத்தனை பேர் என்று கேட்டாள். ஒருத்தர்தான் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தங்குமிடம் எங்கே என்றாள். அச்செடுத்த தாளை நீட்டினேன். தாள் போதாது, போனில் திறந்து காட்டச் சொன்னாள். தாளில் இருந்த பதிவு எண்ணைப் போட்டுத் திறந்தேன். சிவப்பு எழுத்தில், பதிவு ரத்து செய்யப்பட்டது என்று இருந்தது.

அந்தப் பெண் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஓர் அறையில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனாள். அந்த அறையின் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருந்ததா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே போவது?

கொஞ்ச நேரத்தில் தமிழ் பேசுகிற ஓர் அதிகாரி வந்தார். என்னைவிட இளையவர், பெண்தான். "அக்கா, ரூம் இல்லையே. எங்க தங்கப் போறீங்க?" என்றார். ஏதோ தவறு நடந்திருக்கிறது, வீட்டில் கேட்கிறேன் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரரை அழைத்தேன்.

"இறங்கிட்டியா? வெளிய வந்துட்டியா?" என்றார், உற்சாகமாக.

"ரூம் கேன்சல்னு வருது. என்னை உட்கார வச்சிருக்காங்க."

"அதுவா! நான்தாம்மா நேத்து கேன்சல் பண்ணேன். பொம்பளை தனியா எதுக்கு ஹோட்டல்ல தங்கணும்? நம்ம அக்கா வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் அங்கதான் இருக்காரு. வெளிய நிக்கிறாரு பாரு. இறங்கினதும் சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! வாயைத் திறந்தால் அந்த அறையே அதிரும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பளமும் வத்தலும் யாருக்கு என்பது அப்போது புரிந்தது.

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டா நீ வேணாம்பே."

பின்னால் நாத்தனாரின் குரல் கேட்டது. "அவளை அவரோட பேசச் சொல்லுடா. நல்ல மனுஷன். ரூம் போட்டு வச்சிருக்கார், ஏசி எல்லாம் இருக்கு."

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருங்கள், இப்போதே வேறு அறை பதிவு செய்கிறேன் என்று சொல்லி, ஒரு ஹோட்டலைத் தேடி, என் கார்டு எண்ணைப் போட்டேன். ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி எங்கே போகும்? காட்டூரில் அவருடைய போனுக்குத்தான். கல்யாணமான புதிதில் அவர் எண்ணைக் கொடுத்துத் திறந்த கணக்கு. சம்பளம் என்னுடையது, எண் அவருடையது. இத்தனை வருடமாக எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"வந்திருக்கு. எதுக்கும்மா காசு வீணா? அவரு வந்து நிக்கிறாரும்மா. நீ ஹோட்டலுக்குப் போனா அவரு என்ன நினைப்பாரு? அக்காவுக்கு எவ்வளவு அசிங்கம்?"

"நம்பரைச் சொல்லுங்க."

"கோவப்படாம யோசி."

அவர் சொல்லவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை, வெறுமனே சொல்லவில்லை. நான் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஓடிபிக்கான நேரம் முடிந்து திரை மாறிவிட்டது. மகனை அழைத்தேன். "அம்மா, அப்பா எங்கிட்ட சொல்லிட்டுத்தாம்மா கேன்சல் பண்ணாரு. உன் சேஃப்டிக்குத்தானே?" என்றான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பயணம் போகிறவளைத் தவிர.

பையில் அந்த ஊர்ப் பணம் இருக்கிறது, நேரில் போய்க் கட்டி அறை எடுத்துக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "உள்ள விடுறதுக்கு முன்னாடியே காட்டணும் அக்கா. ரூம் காட்டணும், இல்லன்னா ஆள் காட்டணும். ரெண்டும் இல்லன்னா திரும்பி அனுப்புற மாதிரி ஆயிடும்." பிறகு கேட்டார், "இங்க வரும்போது பார்த்தேன், வெளிய ஒருத்தர் உங்க பேர் எழுதிப் பிடிச்சிட்டு நிக்கிறாரே, அவரு உங்களுக்கு யாரு?"

எனக்கு அவர் யார் என்றே தெரியாது. முகம் தெரியாது, பெயர் தெரியாது. தெரியாது என்று உண்மையைச் சொன்னால் அடுத்த விமானத்தில் திருச்சி. தெரியும் என்றால் அவர் வீட்டு விருந்தாளி. போனில் அவருடைய படமும் பெயரும் டிங் டிங் என்று வந்து விழுந்தன. வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார், கீழே ஒரு கும்பிடும் கையோடு.

"சொந்தக்காரர்தான்" என்றேன்.

முத்திரை விழுந்தது.

அவர் நல்ல மனிதர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என் பெட்டியை வாங்கிக்கொண்டார், அக்கா அக்கா என்று ஆயிரம் முறை கூப்பிட்டார். பதினோராவது மாடியில் வீடு. மனைவி லால்குடிப் பக்கம். நான் போனதும் ஊர் வாசனை வருகிறது என்று வத்தலை முகர்ந்து பார்த்து அழுதுவிட்டாள். இவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? சாப்பாடு போட்டுப் போட்டே என்னை வாயடைத்துவிட்டார்கள்.

தினமும் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து காரில் கூட்டிப்போவார். இரட்டைக் கோபுரத்தைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "இறங்க வேணாம்க்கா, பார்க்கிங் கிடைக்காது, இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றார். கழுத்தை ஒடித்துப் பார்த்தும் உச்சி தெரியவில்லை. பத்துமலை முருகன் கோவிலில் படி ஏறப் போனேன். "வேணாம்க்கா, குரங்கு பிடுங்கும், உங்க வயசுக்கு ஒத்துக்காது" என்று தடுத்துவிட்டார். மலைக்கோட்டைப் படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவள் நான்! என் வயசுக்கு என்னவாம்? கீழே நிற்கவைத்துப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். கார் கிளம்புவதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து நாத்தனாரின் கட்டைவிரல் வந்துவிட்டது. வீட்டுக்காரர் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார். நான் போனைப் பைக்குள் போட்டு மூடினேன், கார்க் கதவு மாதிரி.

அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து ரயில் நிலையம் தெரியும். தூணுக்கு மேலே ஓடுகிற ரயில், வருவதும் போவதுமாக. பாத்திரம் துலக்குகிற சாக்கில் அங்கேயே நிற்பேன். கடைசி நாள் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு, முடிவோடு செருப்பை மாட்டினேன். ஒரு டிக்கெட், ஒரே ஒரு ஊர், மதியத்துக்குள் வந்துவிடலாம். ராத்திரிதான் விமானம்.

அவர் மனைவி கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்கக்கா?"

"கீழ ஸ்டேஷனுக்கு. சும்மா ஒரு ரயில் ஏறிட்டு வரேன்."

"வேணாம்க்கா."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. ரயில் எனக்குப் பழக்கம்."

"உங்களுக்கு ஆகாதுக்கா. எனக்கு ஆகும்." தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "அவரு என்னைத்தான் கேப்பாரு, எப்படி விட்டேன்னு. நீங்க போயிட்டு வந்துருவீங்க. அப்புறம் ஊருக்கும் போயிருவீங்க. நான் இங்கயே இருக்கணும்."

"நீயும் வாயேன்" என்றேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள், "அந்த ரயிலு எங்க போகுதுன்னே எனக்குத் தெரியாதுக்கா." அவள் பிள்ளைகள் அந்த ஊரிலேயே பிறந்து, பள்ளியையும் முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரரோடு எனக்குச் சண்டை போடத் தெரியும். அதிகாரியோடு வாதாடத் தெரியும். இவளைத் தாண்டிப் போக எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னை நினைத்தும் அழுதேன், அவளை நினைத்தும் அழுதேன். வெளியே வந்தபோது அவள் எனக்குப் பிடிக்குமென்று வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

திருச்சியில் இறங்கியதும் எல்லோரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர், நாத்தனார், காரோடு எதிர்வீட்டுக்காரர். நாத்தனார் கையில் மல்லிகைச் சரம். வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். குரலில் பெருமை, பொய்யில்லை, நிஜமான பெருமை.

"பாருங்க சார், மலேசியாவுக்குத் தனியாவே போயிட்டு வந்துட்டா!"

"இல்லைங்க" என்றேன். "நான் இன்னும் போகல."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் என்னோடு இருந்தவருக்கு என் குரல் தெரியாதா?

"என்னம்மா சொல்றே?"

"போவேன். சொல்லிட்டுத்தான் போவேன். எங்க தங்குறேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."