அப்பா பேசிய வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை, துணி அயர்ன் பண்ணிக்கொண்டே அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை டிவியில் போட்டேன். கோடும் புள்ளியும் துடைத்துப் புதுப்பித்த பிரதி. கதாநாயகியின் மூக்குத்திகூடத் தெரிகிறது. எங்கள் காலத்தில் அவளுக்கு மூக்கு தெரிந்ததே பெரிய விஷயம்.

எங்கள் காலம் என்றால், ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தில் மூன்றாம் மாடி வீடு. கருவாடும் விற்கிற தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெட்டில் கருவாடு மணக்கும். இப்போதும் கருவாடு பொரித்தால் எனக்கு வெள்ளிக்கிழமைப் படம்தான் ஞாபகம் வரும். அம்மா பின்னேர வேலைக்குப் போய்விடுவா. டிவிக்கு முன்னால் செற்றியில் சாய்ந்தபடி அப்பாவும் நானும்தான்.

படத்தில் மகள், தகப்பன் சொல் கேளாமல் தனக்குப் பிடித்தவனோடு புறப்படுவாள். சரியாக அந்த இடத்தில் சத்தம் போய்விடும். கசெட் பழுது என்பார் அப்பா. பிறகு அவரே வசனம் பேசுவார். மகளுக்குக் கீச்சுக்குரல், தகப்பனுக்குத் தன் சொந்தக் குரல்.

“திறப்பு உன்னட்டையே இருக்கட்டும் பிள்ளை. எப்ப வந்தாலும் பெல் அடிக்கத் தேவையில்லை.”

சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்போம். அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் பெல் எங்கே இருந்தது என்று கேட்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை, பாருங்கோ.

பின்னாளில் நான் ஒரு ஜெர்மன்காரனைக் கட்டப்போகிறேன் என்றதும் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியோடு வாசலில் நின்று வீட்டுத் திறப்பை நீட்டினேன். வாங்கவில்லை. அதே வசனத்தைச் சொன்னார். இந்த மனுசன் இப்பவும் படம் காட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிறன்றுதான் அந்த இடத்தைச் சத்தத்தோடு கேட்டேன். தகப்பன் கையை நீட்டிச் சாவியைக் கேட்கிறார். இனி இந்த வாசலை மிதிக்காதே என்கிறார். அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா செத்த பிறகு அவ எங்களோடுதான்.

“அம்மா, அந்தக் கசெட்டில இந்த இடத்தில சத்தம் இல்லைத்தானே?”

“ஆர் சொன்னது? சனிக்கிழமையில நான் போட்டுப் பாக்கேக்க நல்லாத்தானே கேட்டது. உன்ர கொப்பர்தான் சத்தத்தைக் குறைச்சிருப்பார்.”

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை, மரத்துப்போய்த்தான் கிடக்கிறேன். மிச்சச் சட்டைகளையும் அயர்ன் பண்ணி முடித்தேன்.

கசெட் கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குப் பூச்சுப் பூசுகிறார்கள். டெக்கைக் குப்பைக்குக் கொடுத்தாயிற்று. போன மாதம் அப்பாவின் வாடகை வீட்டை ஒப்படைத்தபோது வீட்டுக்காரரின் ஆள் கையை நீட்டினான். வேறென்ன செய்ய, வளையத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கொடுத்தேன். மூன்றாம் மாடியில் இப்போது யாரோ இருக்கிறார்கள். போனால் பெல் அடிக்க வேண்டும்.